சாசனம் மாறுது, சிவப்புக் கார்டு மாறலையே!



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று வருஷம் பல ஆகிவிட்டது. லயம் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புத் திட்டம். பெரட்டுக்களம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. ஆனாலும் ஆத்தா அங்கேயேதான் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை எங்கெங்கோ சிதறிப் போன பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறாள்.

பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். வயது 78. ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில் பால்வெட்டில் பேர்போனவர்.

"தம்பி, நீதானே பேப்பருல எழுதுறது?"

"ஆமாம் பாட்டி."

"சட்டம் மாறிப்போச்சாமே? சேப்பு ஐசிக்காரங்க பிள்ளைக்கு இனிமே இந்த நாட்டுல உரிமை கெடையாதாமே? நெசமா தம்பி?"

கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள்ளே ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கடுதாசிகள். பாட்டியின் சிவப்புக் கார்டு. பக்கத்தில் நின்ற பேத்தியின் சிவப்புக் கார்டு. பேத்திக்கு 26 வயது, நாலு மாதம். அவள் புருஷன் செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுகிற பையன். அவனிடம் நீலக் கார்டு இருக்கிறது. இருவருக்கும் போன வருஷம் இதே கோவிலில் தாலி கட்டியாயிற்று.

"நான் இந்த மண்ணுல பொறந்தவ தம்பி. எங்க ஆத்தாளையும் அப்பனையும் இங்கதான் பொதைச்சேன். எம் புருஷனையும் இங்கதான் எரிச்சேன். என்னோட போவட்டும். வயித்துல இருக்கிறதுக்குமா சேப்பு?"

நான் வாயடைத்து நின்றேன். "ஒரு வாரம் டைம் குடுங்க பாட்டி, படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றேன். அன்று அவருக்குச் சொல்ல வேண்டியதை இன்று உங்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன். ஏனென்றால் அந்தப் பாட்டியின் பிளாஸ்டிக் பை மாதிரி நம்மிடையே எத்தனையோ பைகள் இருக்கின்றன.

நாட்டின் செக்ரோல் புத்தகம்

அரசியல் சாசனம் என்றால் என்ன? கோட்டு போட்ட வக்கீல்கள் படிக்கிற தடித்த புத்தகம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நினைப்பதுதான் நம் முதல் தவறு.

தோட்டத்தில் கிராணியார் கையில் செக்ரோல் புத்தகம் இருந்ததல்லவா? அதில் பெயர் இருந்தால் நீ ஆள். பேர் உண்டு, சம்பளம் உண்டு, லயத்தில் வீடு உண்டு, ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. அதில் பெயர் இல்லையென்றால், விடியற்காலையில் எழுந்து முன்னூறு மரம் வெட்டியிருந்தாலும் நீ ஆளில்லை. சாசனம் என்பது ஒரு நாட்டின் செக்ரோல் புத்தகம். இந்த நாட்டுக்கு யார் சொந்தம், யார் ஓட்டுப் போடலாம், யாரை எந்த அதிகாரி தொடலாம், தொடக்கூடாது என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது.

அது கல்வெட்டு என்று நினைக்காதீர்கள். 1957 ஆகஸ்டு 31இல் நடப்புக்கு வந்த நம் சாசனம் இதுவரை ஐம்பது தடவைக்கு மேல் திருத்தப்பட்டிருக்கிறது. எப்படித் திருத்துவது என்பதையும் சாசனமே 159ஆம் பிரிவில் சொல்கிறது. மக்களவை, மேலவை இரண்டிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கை தூக்க வேண்டும். மக்களவையில் இன்று 222 இடங்கள். ஆக 148 பேர் வேண்டும். குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் சபா சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் உரிமை ஆகியவற்றில் கை வைக்க வேண்டுமானால் ஆட்சியாளர்கள் மாநாட்டின் சம்மதமும் வேண்டும்.

மாறுவது தப்பில்லை. வீடு கட்டினால் பிள்ளைகள் பெருகப் பெருக ஒரு அறை இழுத்துக் கட்டத்தான் வேண்டும். 1963 செப்டம்பர் 16இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா ஆனபோது சாசனம் மாறியது. 1965 ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர் பிரிந்தபோது ஒரே நாளில் மறுபடியும் மாறியது. காலம் மாறும்போது சாசனமும் மாறித்தான் ஆகவேண்டும். என் கேள்வி வேறு. ஒவ்வொரு தடவை மாறும்போதும் தோட்டத்துத் தொழிலாளி எங்கே இருந்தான்?

அந்த ஓராண்டு

1956இல் சாசனத்தை வரைய ஐந்து பேர் வந்தார்கள். பிரிட்டனிலிருந்து ரீட் பிரபுவும் ஐவர் ஜென்னிங்ஸும், ஆஸ்திரேலியாவிலிருந்து வில்லியம் மெக்கெல், இந்தியாவிலிருந்து நீதிபதி மாலிக், பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீது. அவர்கள் எழுதியதை அரசியல் தலைவர்களும் ஆட்சியாளர்களும் பேசித் திருத்தி ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பேச்சின் பலனாக நமக்குக் கிடைத்தது சாதாரணமானதல்ல.

மெர்டேக்கா நாளிலிருந்து இந்த மண்ணில் பிறக்கும் பிள்ளை, பிறந்த காரணத்தாலேயே குடிமகன். அப்பன் யார், ஆத்தா யார் என்று கேள்வியில்லை. அதற்கு முன்பே இங்கே பிறந்தவர்கள் மனுச்செய்து பதிந்துகொள்ளலாம். மலாய் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதையும் முதல் ஓராண்டுக்குள் மனுச்செய்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

ஓராண்டு! கதவு அகலத் திறந்திருந்தது. ஆனால் எத்தனை லயங்களுக்கு அந்தச் சேதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது? சில தோட்டங்களில் தொழிற்சங்கக்காரர்கள் லோரி பிடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தார்கள். சில தோட்டங்களில், "அதெல்லாம் எதுக்கு? பதிஞ்சா ஊருக்குத் திரும்ப முடியாது" என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று பயந்து போகாதவர்களும் உண்டு. பிறப்புக் கடுதாசி இல்லையே, என்ன காட்டுவது என்று கூச்சப்பட்டுத் தங்கியவர்களும் உண்டு.

நம் பாட்டியின் அப்பா போகவில்லை. அடுத்த தோட்டத்திலிருந்த பெரியப்பா லோரியில் ஏறினார். பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் இன்று அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறார்கள். பாட்டியின் கையில் பிளாஸ்டிக் பை இருக்கிறது. வித்தியாசம் ஒரு நாள் லோரிப் பயணம்தான்!

"பெறகாவது நீங்க மனுப் போட்டிருக்கலாமே பாட்டி?" என்று கேட்டேன். "போட்டிருக்கலாம். வயசு வந்ததும் கல்யாணம். அப்புறம் பிள்ளைங்க. விடிஞ்சா மரம், அடைஞ்சா அடுப்பு. பாசையும் வராது. ஆபீசுக்குப் போனா மேலயும் கீழயும் பாப்பாங்க. விட்டுட்டேன் தம்பி" என்றார். குறை சொல்ல என்னால் முடியவில்லை.

செப்டம்பர் பிள்ளையும் அக்டோபர் பிள்ளையும்

பிறந்தாலே குடிமகன் என்ற விதி எத்தனை காலம் நின்றது? ஐந்து வருஷமும் ஒரு மாதமும். 1962இல் சாசனம் திருத்தப்பட்டது. அவ்வருஷம் அக்டோபர் 1 முதல், இங்கே பிறந்தது மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. பிறந்த இடம் மட்டும் போதாது, குடும்பத்துக்கு இந்நாட்டோடு பிணைப்பு வேண்டும் என்பது அதன் நியாயம்.

பேப்பரில் பார்த்தால் சின்ன மாற்றம்தான். லயத்தில் பார்த்தால்? 1962 செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த இடத்தை மட்டும் நிரூபித்தால் போதும். பக்கத்துக் காம்பராவில் அக்டோபரில் பிறந்த பிள்ளைக்கு, தான் பிறந்ததையும் நிரூபிக்க வேண்டும். அப்பன் ஆத்தாளின் நிலையையும் நிரூபிக்க வேண்டும். கடுதாசியே பார்க்காத அப்பனின் நிலையை எங்கே போய் நிரூபிப்பது? சட்டப்படி உரிமை இருந்தும், காட்டக் கடுதாசி இல்லாமல் நம்மவர்களில் பலர் உரிமையைக் கோட்டை விட்டது இங்கேதான்.

அதன் பிறகு வந்தது 1969. மே 13 கலவரம், அவசரகாலம், நாடாளுமன்றம் நிறுத்திவைப்பு. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று 1968இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அது தோட்டங்களுக்குள்ளும் நுழைந்தது. சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது, கார்டின் நிறம் சும்மா அழகுக்குப் போட்டதல்ல என்று! ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். பிறந்த மண்ணை விட்டு, பார்த்தே இராத ஊருக்குப் போனார்கள். நம் வயதான வாசகர்களுக்கு அந்த வழியனுப்பு அழுகை இன்னும் காதில் கேட்கும்.

1971இல் நாடாளுமன்றம் மீண்டும் கூடியபோது குடியுரிமைப் பகுதியைச் சுற்றி வேலி போட்டார்கள். ஆட்சியாளர்கள் மாநாட்டின் சம்மதமில்லாமல் அதைத் தொடக்கூடாது என்ற விதி அப்போது வந்ததுதான். அந்த வேலி உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு. வெளியே நின்றவர்களுக்கு?

எழுத்து மாறாமலே மாறுவது

சாசனம் நாடாளுமன்றத்தில் மட்டும்தான் மாறுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஓரெழுத்தும் மாறாமலே அது மாறும். எப்படி? நீதிபதிகள் அதைப் படிக்கிற விதத்தால்.

ஐந்தாம் பிரிவைப் பாருங்கள். சட்டப்படியல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. "உயிர்" என்றால் மூச்சு விடுவது மட்டுமா? 1996இல், வேலை நீக்கப்பட்ட ஓர் ஆசிரியரின் வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீராம், உயிர் என்றால் பிழைப்பும் அதில் அடங்கும் என்று விளக்கம் தந்தார். ஒருவன் வாய்ச் சோற்றை முறை தவறிப் பறிப்பது அவன் உயிரைத் தொடுவதற்குச் சமம் என்பது இதன் சாரம். தொழிலாளிக்கு இது விளங்காதா? வேலை போனால் சோறு போச்சு, லயத்து வீடும் போச்சு என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1957இல் எழுதிய அதே சொல்தான். 39 வருஷம் கழித்து அதற்குள்ளிருந்து ஒரு புது அர்த்தம் பிறந்தது.

தமிழ்ப்பள்ளி விஷயமும் அப்படித்தான். தமிழ், சீனப் பள்ளிகள் சாசனத்துக்கு விரோதம் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். தேசிய மொழி மலாய் என்று சொல்லும் 152ஆம் பிரிவே, வேறு மொழியைக் கற்பிப்பதையும் கற்பதையும் தடுக்கலாகாது என்றும் சொல்கிறது. 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் நம் பள்ளிகள் சாசனத்துக்கு உட்பட்டவையே என்றது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு வழக்காட அனுமதி தரவில்லை. தகரக் கொட்டகையில் "அ, ஆ" படித்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். வாசகம் அன்றும் இன்றும் ஒன்றே. அதைப் படித்துச் சொன்ன நீதிபதிகள்தான் நம் பிள்ளைகளின் வகுப்பறைக் கதவைப் பூட்டாமல் காத்தார்கள்.

நீதிமன்றத்தின் அதிகாரம் பற்றிய 121ஆம் பிரிவின் வாசகத்தை 1988இல் நாடாளுமன்றம் மாற்றியது. 2017இலும் 2018இலும் கூட்டரசு நீதிமன்றம், நீதி வழங்கும் அதிகாரம் சாசனத்தின் அடித்தளம், அதைப் பிடுங்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த 2018ஆம் வருஷ வழக்கு, ஈப்போவைச் சேர்ந்த தாய் இந்திரா காந்தியின் வழக்கு. பிள்ளையின் மதத்தைத் தீர்மானிப்பதில் சாசனம் சொல்லும் "பெற்றோர்" என்ற சொல் தாய் தகப்பன் இருவரையும் குறிக்கும், ஒருவர் மட்டும் முடிவு செய்ய முடியாது என்று தீர்ப்பானது. ஒரு சொல்! அதற்காக அந்தத் தாய் எத்தனை வருஷம் நீதிமன்றப் படியேறினார் என்பது நாடறிந்தது.

"அப்பன்" என்ற சொல்லும் பாட்டியின் கேள்வியும்

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருகிறேன்.

1957ஆம் வருஷ சாசனத்தில் இன்னொரு சொல் இருந்தது: "அப்பன்". வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அப்பன் மலேசியக் குடிமகனாக இருந்தால் குடியுரிமை வரும். ஆத்தா மட்டும் குடிமகளாக இருந்தால் தானாக வராது. 2001இல் எட்டாம் பிரிவைத் திருத்தி, ஆண் பெண் என்ற பேதம் காட்டலாகாது என்று எழுதினார்கள். ஆனாலும் குடியுரிமைப் பகுதியில் "அப்பன்" அப்படியே உட்கார்ந்திருந்தான்!

ஆறு மலேசியத் தாய்மார்கள் ஓர் அமைப்போடு சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தாய்மார்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சொல்லை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று அதைத் தள்ளியது. கடைசியில் நாடாளுமன்றமே இறங்கி வந்தது. 2024 அக்டோபர் 17இல் மக்களவையில் 206 பேர் ஆதரித்துத் திருத்தம் நிறைவேறியது. "அப்பன்" இருந்த இடத்தில் "பெற்றோரில் ஒருவராவது" என்று வந்தது. நல்ல காரியம். கை தட்டுவோம்.

ஆனால் தோழர்களே, ஒரு கையால் கொடுத்த அதே மசோதா இன்னொரு கையால் எடுத்ததையும் பார்க்க வேண்டும். 1962இல் "குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ" என்று எழுதினார்கள் அல்லவா? அந்த "நிரந்தரவாசி" என்ற சொல்லை இந்தத் திருத்தம் எடுத்துவிட்டது. இனி இங்கே பிறந்தாலும், பெற்றோர் இருவருமே சிவப்புக் கார்டு என்றால் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடையாது. ஏற்கெனவே குடிமகனாகிவிட்டவரை இது தொடாது. இனிப் பிறக்கப் போகிறவர்களுக்குத்தான் இந்த அடி.

வெளிநாட்டிலிருந்து நேற்று வந்து நிரந்தரவாசம் வாங்கியவரை மனத்தில் வைத்து இதைச் செய்திருக்கலாம். அவருக்கு ஒரு சொந்த நாடு இருக்கிறது. அவர் பிள்ளைக்கு ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. நம் பாட்டிக்கு எந்த நாடு? அவர் சிவப்புக் கார்டும் அந்த வெளிநாட்டாரின் சிவப்புக் கார்டும் ஒரே நிறம். ஆனால் ஒரே கதையா? பால்மரம் நட்ட தலைமுறையின் பிள்ளைகளையும் நேற்று விமானத்தில் வந்து இறங்கியவரையும் ஒரே தராசில் நிறுத்தியது நியாயமா? இந்த மாற்றம் தோட்டப்புற மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதே என் கருத்து. இங்கேயே பிறந்து வளர்ந்த சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு முதலில் நீலக் கார்டு கொடுத்து முடித்துவிட்டு, பிறகு இந்தச் சொல்லை எடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. உள்துறை அமைச்சுக்கு மனுச்செய்து பிள்ளையைக் குடிமகனாகப் பதியும் வழிக்கு முன்பு 21 வயது வரை அவகாசம் இருந்தது. இந்தத் திருத்தம் அதை 18 ஆகக் குறைத்தது. பதினேழு வயதில் எஸ்.பி.எம். எழுதும்போதுதான் நம் வீடுகளில் கடுதாசியைத் தேடவே ஆரம்பிக்கிறோம். மூன்று வருஷம் பறிபோனது யாருக்குப் பெரிய நஷ்டம், சொல்லுங்கள்!

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இதே மசோதாவில், கைவிடப்பட்ட குழந்தைகளையும், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இங்கே பிறக்கும் குழந்தைகளையும் பாதிக்கும் இரண்டு மாற்றங்களும் முதலில் இருந்தன. சமூக அமைப்புகளும் வழக்கறிஞர்களும் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் அரசாங்கம் அந்த இரண்டையும் கைவிட்டது. அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்தது. நம் பகுதிக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? நாம் போதுமான அளவு அழவில்லையோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

நம்மிடம் இருக்கும் ஆயுதம்

1957இல் நமக்குச் சேதி சரியாக வரவில்லை. இன்று அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. 2019 ஜூலையில் மக்களவை, வந்திருந்த 211 பேரும் ஒருமனதாக ஆதரித்து ஓட்டு வயதை 21லிருந்து 18 ஆக்கியது. வாக்காளர் பதிவும் தானாக நடக்கும்படி ஆனது. 2021 டிசம்பர் 15இல் இது நடப்புக்கு வந்தது. 2022இல் கட்சி தாவும் மக்களவை உறுப்பினர் இடத்தை இழப்பார் என்ற விதியும் சாசனத்தில் ஏறியது. ஆக, நம் வீட்டுப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் இன்று ஓட்டு இருக்கிறது. அந்த ஓட்டை வாங்கிய கட்சியை விட்டு எம்.பி. ஓடிப்போவதும் லேசில்லை.

சாசனம் மாற 148 கை வேண்டும். அதில் ஒரு கை உங்கள் தொகுதி எம்.பி.யின் கை. அந்தக் கை எப்போது, எதற்குத் தூக்கப்பட்டது என்று அவரைக் கேட்டிருக்கிறோமா? திருவிழாவுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்கிறோம். கோவில் கூரைக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்கிறோம். சிவப்புக் கார்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. இனிமேல் கேட்போம். சாசனம் 1962இல் ஒருமுறையும் 2024இல் ஒருமுறையும் நமக்கு எதிராகத் திரும்ப முடிந்தது என்றால், நமக்கு ஆதரவாகவும் ஒருமுறை திரும்ப முடியும். மாறக்கூடியது என்பதுதானே அதன் குணம்!

அதுவரை, கடுதாசி வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற பழக்கம் நம்மோடு ஒழியட்டும்.

பிள்ளை பிறந்தால் உடனே பதியுங்கள். அப்பன் பெயர் போடாமல் விடாதீர்கள்.

தாலி கட்டினால் மட்டும் போதாது, கல்யாணத்தைப் பதியுங்கள். இது மிக முக்கியம். 1982 மார்ச் 1க்கு முன்பு வழக்கப்படி செய்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. பிறக்கும் பிள்ளை, ஆத்தாளின் நிலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும். அப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும் பிரயோசனமில்லை.

பிள்ளைக்கு மனுப் போட வேண்டியிருந்தால் பதினெட்டு வயது வரை காத்திராதீர்கள். பள்ளிக்கூடம் சேர்க்கும் முன்பே போடுங்கள். போட்ட மனுவின் நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். புதிய விதி எந்தத் தேதியில் பிறந்த பிள்ளையிலிருந்து என்பதைப் பதிவிலாகாவில் நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பிக்கடைச் சட்டத்தை நம்பாதீர்கள். 1957இல் நம்பித்தான் கெட்டோம்.

சொன்னபடி அடுத்த ஞாயிறு பாட்டி வீட்டுக்குப் போனேன். "பாட்டி, நீங்க கேட்டது நெசந்தான். ஆனா உங்க பேத்திக்கு வழி இருக்கு. மாப்பிள்ளைக்கு நீலக் கார்டு. பிள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடி கல்யாணத்தைப் பதிஞ்சிட்டா, பிள்ளை குடிமகன். 21 நாள் நோட்டீஸ் போடணும், அவ்வளவுதான்" என்றேன்.

பாட்டி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு எங்கப்பனுக்கு ஒருத்தன் இப்படி வந்து வெவரமா சொல்லலையே தம்பி" என்றார்.

மறுநாளே மாப்பிள்ளைப் பையன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இருவர் கார்டையும் எடுத்துக்கொண்டு, பேத்தியோடு பதிவிலாகாவுக்குப் போனான். நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. துணைக்குப் பாட்டியும் போயிருக்கிறார். போனவர் சும்மா இருக்கவில்லை. தனக்கும் ஒரு மனு வேண்டும் என்று முகப்பில் கேட்டு வாங்கி வந்துவிட்டார். 78 வயதில்!

"கெடைக்குதோ கெடைக்கலையோ, கேட்டாத்தானே தெரியும்?" என்கிறார்.

அவர் கேட்டுவிட்டார். நாம் எப்போது கேட்கப் போகிறோம்?